வலை பின்னியவர் யார்?

கோயில் பெருத்தது கும்பகோணம் என்பர். பெருத்த கோயிலுக்குப் பெருத்த நிலம். பெருத்த நிலத்துக்குப் பெருத்த நெல். அந்த நெல்லை அளந்தவர் யார், அளந்த நெல்லுக்கு ஈடாகத் தம்மையே அளந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும், தலப்பெருமை பேசும் வாய்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. காவிரி குடந்தையைக் கடந்து மாயவரம் நோக்கிப் பாய்கிறது. அந்த மாயவரத்தை அடுத்த மூவலூரிலிருந்து ஒரு பெண், மூடிய வாய்களெல்லாம் திகைக்கும்படி, 1936இல் அந்தக் கேள்வியை அச்சிலேற்றி நாட்டின் முன் வைத்தார். அவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். நூல், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

அம்மையாரின் பெயரை அறியாத குடும்பம் இன்று தமிழ்நாட்டில் அரிது. 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவும் அரசுத் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. 2022இல் அதே பெயரால் உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் எழுந்தது. தாலிக்குப் பொன் கொடுத்த பெயர், படிப்புக்குப் பணம் கொடுக்கும் பெயராக வளர்ந்தது நல்ல வளர்ச்சிதான். ஆனால் பெயர் பரவிய வேகத்தில் நூல் பரவிற்றா? விண்ணப்பத் தாளில் அப்பெயரை எழுதும் பெண்ணின் கையில் அந்த நூல் என்றேனும் தவழ்ந்ததுண்டா? சிலைக்கு மாலை சூட்டுவதோடு அமைந்து, சிலையான மனிதர் சொன்னதைக் கேளாமல் விடுவது பக்தர்களின் பழக்கம். பகுத்தறிவாளர்க்கு அது அழகன்று. ஆகவே நூலைத் திறப்போம். போற்றத் தக்கதைப் போற்றுவோம். கேட்கத் தக்கதைக் கேட்போம்.

நூலைத் திறக்குமுன் நூலாசிரியரின் வாழ்வை அறிதல் வேண்டும். இங்கே வாழ்வே நூலுக்கு முதல் அத்தியாயம். அம்மையார் 1883இல் பிறந்தார். வறுமை வாட்ட, தந்தை குடும்பத்தை விட்டுப் பிழைப்புத் தேடிப் போனார். தாய், ஐந்தாண்டுக் குழந்தையை ஒரு தாசியிடம் விற்றார். விலை என்ன தெரியுமா? பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும்! ஆடலும் பாடலும் கற்பித்து, பருவம் எய்தியதும் பெருஞ்செல்வர் எவருக்கேனும் உரிமையாக்கி வருவாய் காண்பது வாங்கியவரின் கணக்கு. பதினேழாம் வயதில், அறுபதைக் கடந்த கிழவர் ஒருவருக்கு அவரைக் கட்டிவைக்க ஏற்பாடாயிற்று. அந்தக் கணக்கை அம்மையார் தம் கையாலேயே அழித்தார். தமக்கு இசையும் நடனமும் பயிற்றிய சுயம்புப் பிள்ளையைத் தாமே தேர்ந்து மணந்துகொண்டார்.

தாம் தப்பினோம் என்று அமைதி கொண்டிருந்தால் அவர் ஒரு நற்பேறு பெற்ற பெண்ணாக மட்டும் வாழ்ந்து மறைந்திருப்பார். அவரோ, தப்பிய வழியைப் பிறருக்கும் திறந்துவிடப் புறப்பட்டார். பொட்டுக்கட்டும் வீடுகளின் படிகளில் ஏறினார்; வசையைக் கேட்டார்; வழக்குகளைச் சந்தித்தார். கதர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1923இல் காக்கிநாடா காங்கிரசில் கொடிக்குத் தடை வந்தபோது, கொடிகளையே புடவையாகத் தைத்து உடுத்திச் சென்றார். 1925இல் மாயவரத்தில் இசைவேளாளர் மாநாடு கூட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரலெழுப்பினார். அந்த மேடைக்குத் திரு.வி.க.வும் பெரியாரும் வந்தனர். அதே ஆண்டு பெரியார் காங்கிரசைத் துறந்தபோது அம்மையாரும் துறந்தார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில், ஐம்பத்தைந்து வயதில், நெடுவழி முழுதும் நடந்த பெண் அவர். அவ்வாண்டே சிறையும் கண்டார். 1949இல் அண்ணா வழி சென்றார். 1962இல் மறையும் வரை ஓயவில்லை.

இத்தகைய ஒருவர் நாவல் எழுதினால் அது எவ்வாறு இருக்கும்? இலக்கியப் பீடங்களில் அமர்ந்திருப்போர் ஆயத்தமாக ஒரு தீர்ப்பு வைத்திருக்கின்றனர்: "இது பிரச்சாரம், கலையன்று." சோலையில் உலவும் இளவரசனின் பெருமூச்சை இருநூறு பக்கம் எழுதினால் கலை, ஐந்து வயதுக் குழந்தையின் கழுத்தில் பொட்டுக்கட்டும் கொடுமையை எழுதினால் பிரச்சாரம்! நல்ல தராசு! அந்தத் தராசின் தட்டில் இதுகாறும் ஏறி நிறுக்கப்பட்ட புராணங்கள் எதையும் பரப்பவில்லையா? கணவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டில் சேர்த்த நளாயினியைக் கற்புக்கு இலக்கணம் என்று கதாகாலட்சேபம் செய்தவர்கள், எந்தக் கொள்கையையும் பரப்பாமலா பாடினார்கள்? பழைய பிரச்சாரத்துக்குப் பக்தி என்று பெயர். புதிய பிரச்சாரத்துக்குப் பிரச்சாரம் என்றே பெயர். வேறுபாடு அவ்வளவே.

எனினும், எதிரியின் தராசு கோணல் என்பதால் நம் நூலை நிறுக்காமலே விட்டுவிடலாகாது. அம்மையாரின் நாவலில் குறை உண்டு. பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் சொற்பொழிவு ஆற்றுகின்றனர். கதை நடக்க வேண்டிய இடத்தில் கூட்டம் நடக்கிறது. தற்செயல் நிகழ்ச்சிகள் தேவைக்கு மேல் வந்து உதவுகின்றன. நாடக மேடையின் மாறுவேடமும் திடீர்த் திருப்பமும் நிறைந்த அந்நாளைய நாவல் வழக்கத்தையே அவரும் பின்பற்றுகிறார். கலைநுட்பம் ஒன்றையே நாடிச் செல்பவன் ஏமாற்றம் அடைவான்.

ஆனால் அவன் எங்கும் பெறாத ஒன்றை இங்கே பெறுவான்: தொழிலின் உட்பொறி. செல்வ மகனின் கண் எங்கே நிலைக்கிறது என்று பார்ப்பது எப்படி. அவனிடம் ஊடலுக்கு என்ன விலை, கூடலுக்கு என்ன விலை என்று வகுப்பது எப்படி. முதியவள் இளையவளுக்குக் கற்பிக்கும் பாடம் என்ன. தரகன் பெறும் பங்கு எவ்வளவு. பக்தியின் சொற்கள் வாணிபத்தின் சொற்களாக எந்த இடத்தில் மாறுகின்றன. இவற்றையெல்லாம் வெளியே நின்று பார்த்த ஆண் எழுத்தாளன் எவனும் எழுத முடியாது. தேவதாசியை அவன் எழுதினால் ஒன்று மோகினி ஆக்குவான். அன்றிப் பாவப்பட்ட பத்தினி ஆக்குவான். அம்மையார் அவளைத் தொழிலாளி ஆக்கிக் காட்டுகிறார். தொழிலின் கணக்கேட்டை விரித்து வைக்கிறார். அதற்கு மேல், மீட்கும் பணியையும் பெண்களிடமே தருகிறார். ஏமாந்த ஆணின் மனைவியும், தொழிலை வெறுத்து வெளிவந்த தாசிகுலப் பெண்களும் கைகோத்து நிற்கின்றனர். சக்களத்திச் சண்டையிலேயே உழன்ற தமிழ்க் கதையுலகில், மனைவியையும் தாசியையும் ஒரே அணியில் நிறுத்தியது எளிய செயலா?

இனித் தலைப்புக்கு வருவோம். நம் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. 'தாசிகள் மோசவலை' என்கிறார் அம்மையார். வலை தாசிகளுடையதா? தாம் விற்கப்பட்ட குழந்தையாயிருந்தும், விற்கப்பட்ட மற்றக் குழந்தைகளின் மீதா பழியைச் சுமத்துவது? பண்ணையாரும் ஜமீன்தாரும் வலையில் விழுந்த அப்பாவி மான்களா? இக்காலத்துப் பெண்ணுரிமை ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயமே. தாசிகளின் வஞ்சத்தை விரித்துரைக்கும் பக்கங்கள், வைதீகன் சொல்லும் 'வேசியர் இகழ்ச்சி'யின் குரலில் சிற்சில இடங்களில் ஒலிப்பதை மறுக்க இயலாது. இது நூலின் உண்மையான பலவீனம். இதை மறைப்பது அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் தலைப்பு அத்துடன் முடியவில்லை. 'அல்லது மதிபெற்ற மைனர்' என்ற மறுபாதியையும் படிக்க வேண்டும். 'மைனர்' என்பது நீதிமன்றத்துச் சொல். உரிய வயது வராதவன் என்று பொருள். தஞ்சைச் சீமையில் அச்சொல், தந்தையின் சொத்தைத் தாசி வீட்டில் கரைக்கும் வாலிப மிராசுதாருக்குப் பட்டமாயிற்று. மீசை முளைத்த ஆணைச் 'சிறுவன்' என்று கூறி அவன் செய்கைக்கு மன்னிப்பு வழங்கிய அதே சமூகம், பால்மணம் மாறாத சிறுமியைப் பொட்டுக்கட்டிப் 'பெண்' ஆக்கிற்று. வளர்ந்தவன் மைனர், வளராதவள் மேஜர்! இந்த அநீதி முழுவதையும் அந்த ஒரு சொல் அடக்கி வைத்திருக்கிறது. அவனுக்கு மதி வரவேண்டும் என்று அம்மையார் கேட்கிறார். வலையை அறுப்பதில் பாதிப் பொறுப்பைத் தலைப்பிலேயே ஆணின் தோளில் ஏற்றிவிட்டார்.

மீதிக் கேள்வி நிற்கிறது: வலைக்கு நூல் கொடுத்தவர் யார்? விடையைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களே கூறும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராசன் அக்கோயிலைச் சுற்றி நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. கும்பகோணத்தை அடுத்த பழையாறையின் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவருள் உண்டு. ஒருத்தி இறந்தால் அவளுக்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்ய வேண்டும் என்பதும் கல்லில் உண்டு. அந்நாளைய பெண்டிரின் நிலையும் பிற்காலத் தாசியரின் நிலையும் ஒன்றே என்று கூறுவதற்கில்லை. அவர்கள் பெயரோடும் ஊரோடும் கல்லில் நின்றவர்கள். ஆயினும் முடிச்சு அங்கே விழுந்துவிட்டது: நிலம் வேண்டுமானால் பணி வேண்டும், பணி தொடர வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒருத்தி வேண்டும். நூற்றாண்டுகள் புரண்டன, அரசு மாறிற்று, கோயில் ஆதிக்கம் மிராசுதாரர் கையில் வந்தது, முடிச்சு மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று. பெண் குழந்தை பிறக்காத வீடு, மானியத்தைக் காக்க வெளியிலிருந்து ஒரு குழந்தையை வாங்கிற்று. பத்து ரூபாய்க்கும் பழம்புடவைக்கும் வந்த அந்த ஐந்து வயதுக் குழந்தையைப் போன்றோர் அவ்வாறுதான் தேவைப்பட்டனர். வலையின் கண்ணிகளைத் தாசி பின்னினாள் என்றே வைத்துக்கொள்வோம். நூல் நெல்லிலிருந்து திரிக்கப்பட்டது; திரித்த கை, நிலம் வைத்திருந்தவனின் கை; அதற்குப் புனிதம் என்று சாயம் ஏற்றியது புரோகிதனின் கை.

இந்த முடிச்சைச் சட்டமன்றத்தில் அவிழ்க்கப் புகுந்தவர், தாமும் அக்குலத் தாயின் வயிற்றிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. மானிய நிலத்தைக் கோயிற் பணியிலிருந்து விடுவிக்கும் திருத்தம் 1929இல் சட்டமாயிற்று. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930இல் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள் மரபின் பெயரால் எதிர்த்து நின்றனர். நாட்டுக்கு விடுதலை கேட்டவர்கள், நாட்டின் பெண் குழந்தைக்கு விடுதலை என்றதும் ஆகமத்தைத் தேடினார்கள்! மசோதா சட்டமாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தப் பதினேழாண்டுக் காத்திருப்பின் நடுவே, 1936இல், நம் நூல் வெளிவந்தது. மன்றத்தில் உறங்கிய மசோதாவை மக்கள் மன்றத்தில் விழித்திருக்கச் செய்தது அது. அதன் சொற்பொழிவுகளை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். அவை ஏன் நாவலுக்குள் வந்தன என்பது விளங்கும்.

இது பழங்கதை என்று எவரேனும் கருதுவாராயின், அவர் கண்ணை உலகத்தின் பக்கம் திருப்பட்டும். பெண்ணுறுப்புச் சிதைப்பு என்ற கொடுமை இன்றும் நடக்கிறது. மருத்துவக் காரணம் எதுவும் இன்றி, மரபின் பெயரால், சிறுமியின் பிறப்புறுப்பின் பகுதியை அறுத்தெடுக்கும் வழக்கம் அது. அதற்கு ஆளாகி உயிரோடிருக்கும் பெண்கள் 23 கோடிக்கு மேல் என்று 2024இல் யுனிசெப் கணக்கிட்டது. குருதிப்பெருக்கு, சீழ், சிறுநீர்த் துன்பம், மகப்பேற்றில் ஆபத்து என இதன் விளைவுகளை மருத்துவம் அடுக்குகிறது. நன்மை என்று ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

இக்கொடுமையை எதிர்த்து எழுந்தோரின் வரலாற்றைப் படிக்கும்போது மூவலூர் நினைவுக்கு வராமற் போகாது. எகிப்தின் மருத்துவர் நவால் எல் சாதாவி ஆறு வயதில் அறுக்கப்பட்டார். சுற்றி நின்றவர்களிடையே தம் தாயும் நிற்கக் கண்டதைப் பின்னாளில் எழுதினார். எழுதியதற்காக 1972இல் அரசுப் பதவியை இழந்தார், 1981இல் சிறைப்பட்டார். சோமாலியப் பாலையில் ஆடு மேய்த்த வாரிஸ் டைரியை ஐந்து வயதளவில் அழைத்துச் சென்றதும் அவர் தாயே. உலகம் போற்றும் அழகியாக விளங்கிய அவர், 1997இல் தம் உடலுக்கு நேர்ந்ததை வெளிப்படையாகச் சொன்னார். ஐக்கிய நாடுகள் அவையின் தூதராகி ஊர்தோறும் பேசினார். மூவலூரில் விற்ற கை தாயின் கை. எகிப்திலும் சோமாலியாவிலும் அழைத்துச் சென்ற கை தாயின் கை. கத்தியைப் பிடிப்பவளும் பெரும்பாலும் ஒரு கிழவியே. "பார்த்தீர்களா, பெண்ணுக்குப் பெண்ணே எதிரி!" என்று மரபின் வழக்கறிஞர் கைகொட்டுகிறார். வெட்டப்படாதவளை மணக்க ஆணில்லை, பொட்டுக்கட்டாதவளுக்கு உண்ண நெல்லில்லை என்ற நிலையை உண்டாக்கியவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். மகள் பிழைக்க வேறு வழி காணாத தாய், தான் பட்டதையே மகளுக்கும் சீதனமாகத் தருகிறாள். அந்த வழியடைப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடியதில்தான் இம்மூவரின் எழுத்தும் பெருமை அடைகிறது.

தொலைதூரத்துச் செய்தி என்றும் ஒதுக்க வேண்டா. மும்பையிலும் குசராத்திலும் வாழும் தாவூதி போரா வணிகச் சமூகத்தில், ஏழு வயதை ஒட்டிய சிறுமியருக்கு 'கத்னா' என்ற பெயரால் இது நடக்கிறது. அச்சமூகத்துப் பெண்ணான மாசூமா ரனால்வி 2015இல் தம் அனுபவத்தை எழுதினார்; அவரைத் தொடர்ந்து பலர் பேசினர். 2017இல் உச்சநீதிமன்றத்தில் வழக்கு எழுந்தபோது ஒன்றிய அமைச்சகம் கூறியது என்ன? இவ்வழக்கம் இருப்பதைக் காட்டும் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் இல்லை என்பது! பாதிக்கப்பட்டவள் நேரில் நின்று பேசுகிறாள். அரசு அவளைக் காணாமல் ஏட்டைப் புரட்டுகிறது. ஏட்டில் இல்லாத வலி வலியாகாதோ? 2018இல் அவ்வழக்கு அரசியல் சட்ட அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. இலங்கையில் தமிழே பேசும் முஸ்லிம் குடும்பங்களில் 'ஒஸ்தா மாமி' எனப்படும் மூதாட்டியர் இதைச் செய்துவந்தனர்; அச்சமூகப் பெண்களே வாய்திறந்தனர்; 2018இல் மருத்துவர் எவரும் இதில் ஈடுபடலாகாது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் சுற்றறிக்கை விடுத்தது. தமிழில் அழுத குழந்தைகள் அவர்களும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைக் கேட்டதும், "அது அவர்கள் மதத்தின் இழிவு" என்று மகிழ்வோர் சிலர் கிளம்புவர். அவர்களுக்கு நம் மேடையில் இடமில்லை. இக்கொடுமை இசுலாத்துக்கும் முற்பட்டது. எகிப்தில் கிறித்தவக் குடும்பங்களும் செய்தன. இசுலாமியர் பெரும்பாலோர் செய்வதில்லை. தன் வீட்டுப் பொட்டுக்கட்டை 'கலைமரபு' என்று போற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கத்தியை மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்பவன் சீர்திருத்தக்காரன் ஆகான். அம்மையார் தம் சொந்தக் குலத்தின் முற்றத்தில் நின்றுதான் முதற்குரல் எழுப்பினார். மாசூமாவும் தம் குலத்தின் முற்றத்தில் நிற்கிறார். நாம் செய்யத்தக்கது அவர் அருகில் நிற்பது. அவர் குரலைப் பறித்து நம் பகைமைக்குக் கருவியாக்குவதன்று.

நம் வெற்றியின் கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பொட்டுக்கட்டு ஒழிந்தது; கலை அழிந்துவிடும் என்று அழுதவர்களின் கண்ணீர் பொய்யாயிற்று; சதிர், பரதநாட்டியம் என்னும் பெயரில் சபாக்களில் ஏறிற்று. ஆனால் ஏறியவர் யார்? உயர்குலத்துப் பெண்கள். பரம்பரையாக ஆடியவளோ, ஒருசில மேதையர் நீங்கலாக, மேடையையும் இழந்தாள். பழைய பெயரின் வடுவைச் சுமந்து மூலையில் ஒதுங்கினாள். இழிவினின்று மீட்டவளுக்கு வாழ்வின் வழியையும் திறந்துவிடாத சீர்திருத்தம் பாதிச் சீர்திருத்தம். மதிபெற வேண்டிய மைனர்களின் பட்டியலில், மேடையில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன நாடும் ஒன்று. திருமணத்துக்கு உதவிய அம்மையாரின் பெயர் உயர்கல்விக்கு உதவத் தொடங்கியதை நாம் வரவேற்பதற்குக் காரணமும் இதுவே: சொந்த வருவாய் உள்ளவளின் மகளை எவரும் பத்து ரூபாய்க்குக் கேட்க முடியாது.

இளைஞர்களே! பா. ஜீவசுந்தரி அம்மையாரின் வரலாற்றை உழைத்து எழுதியிருக்கிறார். கல்பனா கண்ணபிரானும் வசந்த் கண்ணபிரானும் இந்நாவலை 2003இல் ஆங்கிலத்தில் தந்தனர். அயலார் ஆங்கிலத்தில் படிக்கும் நூலைக் காவிரிக்கரையில் தமிழில் படிப்பார் இல்லை என்றால் அது யாருக்கு இழுக்கு? உங்கள் படிப்பகத்தில் அதனை வாங்கி வையுங்கள். வாரம் ஓர் அத்தியாயம் உரக்கப் படியுங்கள். பெண்களைப் படிக்கச் செய்து ஆண்கள் கேளுங்கள். சொற்பொழிவு நீண்டால் சலித்துக்கொள்ளுங்கள். தாசியை வையும் இடத்தில் நிறுத்தி வாதாடுங்கள். அம்மையார் வாதத்துக்கு அஞ்சியவர் அல்லர்.

படித்து முடித்தபின், உங்கள் தெருவில், உங்கள் சாதியில், உங்கள் வீட்டில், மரபென்று சொல்லி ஒரு சிறுமியின் மீது இன்று வீசப்படும் வலை எது என்று பாருங்கள். பதின்மூன்று வயதில் பள்ளியை நிறுத்தி மணமேடைக்கு இழுக்கும் வலையா? தீட்டு என்று திண்ணையில் ஒதுக்கும் வலையா? அதைப் பின்னும் கை பாட்டியின் கையாக இருக்கலாம். அவளைத் திட்டிவிட்டு அமைந்துவிடாதீர்கள். அவளுக்கு நூல் கொடுத்தவன் எவன் என்று கேளுங்கள். அந்த வீட்டுச் சிறுமி ஒருநாள் வாய்திறந்து பேசுவாள். அவள் பேசும்போது புள்ளிவிவரம் கேட்காமல், அவள் பேச்சைக் கேளுங்கள்.